கப்பலில் எத்தனையாவது பந்தி?

கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காருவதா, கூட்டம் குறைந்த பிறகு போவதா என்று யாரும் மூன்று மாதம் முன்னாலேயே எழுதிக் கொடுப்பதில்லை. சுற்றுலாக் கப்பலில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேபினைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டப் போகும் நேரத்தில் திரையில் ஒரு சின்னக் கேள்வி வந்து நிற்கும். இரவுச் சாப்பாடு மாலை ஐந்தரைக்கா, எட்டு மணிக்கா, இல்லை உங்கள் இஷ்டப்பட்ட நேரத்திலா?

பால்கனி வைத்த கேபினா, வெறும் ஜன்னல் போதுமா என்று நாலு நாள் யோசித்தவர்கள்கூட இந்தக் கேள்விக்கு நாலு விநாடி ஒதுக்குவதில்லை. ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். ஏழு ராத்திரியும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம், அந்த நேரத்தில் வெளியே எதைப் பார்க்காமல் விடப் போகிறோம் என்பதெல்லாம் அந்த ஒரு தொடுதலில் முடிவாகிவிடுகிறது.

அலாஸ்கா போகிற கப்பலில் இதன் கனம் இன்னும் கூடுதல். காரணம், அங்கே இருக்கும் வெளிச்சம். ஜூன் மூன்றாம் வாரத்தில் ஜூனோ நகரத்தில் சூரியன் மறைவதற்கு இரவு பத்து மணி தாண்டிவிடும். சாப்பாட்டு நேரம் என்று கப்பல்காரர்கள் குறித்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் வெளியே பட்டப்பகல். மலை, பனி, நீர்வீழ்ச்சி, திமிங்கலம் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருக்க, உள்ளே சூப்புக்குக் காத்திருப்பது கொஞ்சம் சங்கடமான காரியம்தான்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம்மூர்ப் பெற்றோருக்கு நயாகரா, டிஸ்னி வரிசையில் இப்போது இந்த அலாஸ்கா கப்பலும் சேர்ந்துவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை சியாட்டில், வான்கூவர் துறைமுகங்களிலிருந்து ஏழு ராத்திரிப் பயணமாகக் கப்பல்கள் கிளம்பிக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு ஜூன் மாதத்தில் கிளம்பத் தயாரான ஒரு குடும்பம். சியாட்டிலில் வேலை பார்க்கும் மகள், மருமகன். பன்னிரண்டு வயதுப் பேத்தி, ஐந்து வயதுப் பேரன். திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று மாதமாகத் தங்கியிருக்கும் தாத்தாவும் ஆச்சியும். ஆறு பேர், இரண்டு கேபின்.

மகள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டிக் கேட்டபோது முதலில் சிரித்தது ஆச்சிதான்.

"அஞ்சரைக்கு ராத்திரிச் சாப்பாடா? அது காப்பி குடிக்கிற நேரம்லா!"

மருமகன் எட்டு மணிப் பந்திக்கு ஆதரவு. "சாயங்காலம் முழுக்க மேல்தளத்துல நிக்கலாம் அத்தை. அங்க பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். சீக்கிரம் சாப்பிட்டுட்டு என்ன பண்ணப் போறோம்?"

மகள், "இஷ்ட நேரம்னு போட்டுட்டா யாருக்கும் பிரச்சினை இல்லையே. யாருக்கு எப்பப் பசிக்குதோ அப்பப் போகலாம்" என்றாள். 

தாத்தா ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவர் சொன்னது ஒரே விஷயம். "நேரம் எதுவா வேணா இருக்கட்டும். ஆறு பேரும் ஒண்ணா உக்காருத மாதிரி பாரும்மா."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் மூன்று மாதமாக இரவுச் சாப்பாடு நாலு தவணையாக நடந்துகொண்டிருந்தது. பேரனுக்கு ஆறு மணி. பெரியவர்கள் இருவருக்கும் ஆறரை. நீச்சல் வகுப்பு முடிந்து வரும் பேத்திக்கு ஏழரை. அலுவலக மீட்டிங் எல்லாம் ஓய்ந்து மகளும் மருமகனும் தட்டை எடுக்கும்போது மணி ஒன்பதாகிவிடும். யார் மேலும் குற்றம் இல்லை. அந்த ஊர் வாழ்க்கை அப்படி. ஆனால் "யாருக்கு எப்பப் பசிக்குதோ அப்ப" என்ற வார்த்தையைக் கப்பலுக்கும் கொண்டுபோனால், கடலிலும் நாலு தவணைதான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தப் பந்தி முறை எங்கிருந்து வந்தது? மூவாயிரம் பேர் போகும் கப்பலில் மூவாயிரம் பேரும் ஒரே நேரத்தில் உட்காரும் அளவுக்குச் சாப்பாட்டுக் கூடம் கட்ட முடியாது. கட்டினால் அந்த இடம் மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கும். அதனால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி எழுந்த பிறகு மேஜை விரிப்பை மாற்றி மறுபாதியை உட்கார வைப்பது. நம் மண்டபக் கணக்கேதான். இலைக்குப் பதில் பீங்கான் தட்டு.

இஷ்ட நேரத்துச் சாப்பாடும் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1912-இல் போன டைட்டானிக் கப்பலில் முதல் வகுப்புப் பயணிகளை ஊதுகொம்பு ஊதித்தான் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அதே கப்பலில், அந்த ஊதலுக்குக் கட்டுப்பட விரும்பாதவர்களுக்காகத் தனியாக ஒரு உணவகமும் இருந்தது. காலை எட்டு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதற்குத் தனிக் காசு. நம் காலத்தில், 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம் நேரக் கட்டுப்பாடே வேண்டாம் என்று 'ஃப்ரீஸ்டைல்' முறையைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் ஆளுக்கொரு பெயரில் பின்தொடர்ந்தன. ராயல் கரீபியனில் அது 'மை டைம்', கார்னிவலில் 'யுவர் டைம்'. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்று: இந்தக் கதவு திறந்திருக்கும் நேரத்துக்குள் நீங்கள் வந்தால், காலியாக இருக்கும் மேஜையில் உட்கார வைப்பார்கள்.

காலியாக இருந்தால். அங்கேதான் சிக்கல். நம்மைப் போலவே எல்லாருக்கும் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில்தான் பசிக்கிறது. ஆப்பில் முன்பதிவு செய்யாமல் அந்த நேரத்தில் ஆறு பேராகப் போய் நின்றால், இரண்டு பேர் மேஜைகள் காலியாகிக் காலியாகி நிரம்புவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். தம்பதியாக மட்டும் போகிறவர்களுக்கு இஷ்ட நேரத்தை விட நல்லது எதுவும் இல்லை. புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். வயதானவரையும் சின்னக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகும் பெரிய குடும்பத்துக்கு அந்தச் சுதந்திரம் வாசலில் காத்திருக்கும் சுதந்திரமாகப் போய்விடலாம். இதற்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. பல கப்பல்களில் இஷ்ட நேரத்தை எடுத்துக்கொண்டு, ஏழு நாளுக்கும் ஒரே நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்து, முதல் நாளே போய் "தினமும் இதே மேஜையில் உட்கார வையுங்கள்" என்று கேட்டால், முடிந்தவரை செய்து கொடுக்கிறார்கள். ஏழு மணிக்குச் சாப்பிட விரும்புகிறவர்களுக்கு இது ஒன்றே வழி.

அந்த வீட்டில் எட்டு மணியா, ஐந்தரையா என்ற வழக்கு இரண்டு நாள் ஓடியது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

எட்டு மணிப் பந்தியில் அவசரம் இல்லை. அடுத்த கூட்டம் வாசலில் நிற்காததால் பரிமாறுகிறவர்களும் நிதானமாக இருப்பார்கள். துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிவிட்டு வந்து, குளித்து, உடை மாற்றி, அரங்கத்தில் முதல் காட்சியைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். ஜூனோவில் பல கப்பல்கள் இரவு ஒன்பது, பத்து மணி வரை நிற்கின்றன. திமிங்கலம் பார்க்கப் படகில் போனவர்கள் ஆறு மணிக்கு மேல்தான் திரும்புவார்கள். ஐந்தரைக்காரர்கள் அன்றைக்குச் சாப்பாட்டை விட வேண்டும், அல்லது திமிங்கலத்தை விட வேண்டும்.

திமிங்கலத்தை விடச் சொல்ல யாருக்கும் மனம் வராது. குளிர்காலத்தை ஹவாய்க் கடலில் கிட்டத்தட்டப் பட்டினியாகவே கழிக்கும் ஹம்ப்பேக் திமிங்கலங்கள், கோடை முழுவதும் அலாஸ்காவுக்கு வருவதே சாப்பிடத்தான். அவைகளுக்கு முதல் பந்தி, இரண்டாம் பந்தி எல்லாம் கிடையாது. நாள் முழுக்க ஒரே பந்தி.

ஆனால் எட்டு மணிப் பந்தி என்றால் எட்டு மணிக்குச் சோறு தட்டில் விழும் என்று அர்த்தமில்லை. உட்கார்ந்து, மெனுவைப் பார்த்துச் சொல்லி, ரொட்டி வந்து, சூப் வந்து, முக்கியமான பதார்த்தம் வர எட்டே முக்கால். இனிப்பு முடிந்து எழும்போது பத்து மணியை நெருங்கிவிடும். ஐந்து வயதுப் பிள்ளை அதற்குள் மேஜையிலேயே தலையைச் சாய்த்திருக்கும். டிஸ்னி கப்பல்களில் இதற்காகவே, இரண்டாம் பந்தியில் குழந்தைகளுக்கு முதலில் பரிமாறி, பாதியில் வந்து விளையாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். பெற்றோர் நிம்மதியாகச் சாப்பிடலாம். நல்ல ஏற்பாடுதான். தாத்தா கேட்ட 'ஆறு பேரும் ஒண்ணா' என்பது மட்டும் அதில் வராது.

சர்க்கரைக்காரர்களுக்கு இது வேறு விதமான கணக்கு. இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவர் இரவு எட்டே முக்கால் வரை தாங்குவதென்றால் நடுவில் ஏதாவது வயிற்றுக்குப் போயாக வேண்டும். எப்போது எந்த மாத்திரை என்று கிளம்புவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கப்பலில் மருத்துவ அறை இருக்கிறது. ஆனால் அங்கே ஆகும் செலவு கேட்பவருக்குத் தனியாக ஒரு மயக்கம் வரும்.

வழக்கைத் தீர்த்து வைத்தது கடிகாரம். அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்தை விட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. கிளம்பிய ஓரிரு நாளில் கப்பலில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கச் சொல்வார்கள். மூன்று மாதமாகச் சியாட்டில் நேரத்துக்குப் பழகிய ஆச்சியின் வயிற்றுக்குக் கப்பலின் ஐந்தரை என்பது ஆறரை. அதாவது வீட்டில் அவரும் தாத்தாவும் சாப்பிடும் அதே நேரம். மருமகன் கேட்ட எட்டு மணி, உடம்பின் கணக்கில் ஒன்பது மணி. இதை மகள் ஒரு தாளில் எழுதிக் காட்டியதும் மருமகன் சிரித்துவிட்டார். "சரி மாமா, அஞ்சரையே போட்டுடலாம். ஆனா ஜூனோவுல ஒரு நாள் மட்டும் எனக்கு லீவு."

இந்தியாவிலிருந்து நேராக வந்து கப்பல் ஏறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மாலை ஐந்தரை என்றால் நம் ஊரில் மறுநாள் காலை ஏழு. முதல் இரண்டு நாள் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் இட்லி நினைப்புதான் வரும். அப்படிப்பட்டவர்கள் ஐந்தரையை எடுப்பதே மேல். எட்டு மணிக்குக் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாகிவிடும்.

மாதமும் முக்கியம். செப்டம்பர் நடுவில் போகிறவர்களுக்கு ஜூனோவில் ஏழேகால் மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். அப்போது முதல் பந்திக்காரர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மாலை வெளிச்சத்தில் மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். இரண்டாம் பந்திக்காரர்களின் ஜன்னலில் தெரிவது அவர்கள் முகம்தான். ஜூனில் எட்டு மணிக்கு வாதாடியவர்கள் செப்டம்பரில் ஐந்தரைக்கு வாதாட வேண்டியிருக்கும்.

பந்தி முடிவானதும் பதிவில் ஒரு வேலை பாக்கி இருந்தது. இரண்டு கேபின் என்றால் கப்பல்காரர் கணக்கில் இரண்டு தனித்தனிப் பதிவு. இரண்டிலும் ஐந்தரை என்று போட்டிருந்தாலும், இரண்டையும் இணைக்கச் சொல்லிக் கேட்காவிட்டால் ஒரு கேபினுக்கு ஒரு மூலையில் மேஜை, இன்னொன்றுக்கு எதிர் மூலையில் மேஜை என்று விழலாம். இன்னும் மோசமாக, ஒன்றுக்கு முதல் பந்தி கிடைத்து, மற்றொன்று காத்திருப்போர் பட்டியலில் நிற்கலாம். குழந்தைகளோடு வருகிறவர்கள் அதிகம் என்பதால் கோடை விடுமுறையில் முதல் பந்தி சீக்கிரம் நிரம்பிவிடும். மகள் போன் செய்து இரண்டு பதிவையும் இணைத்து, ஆறு பேர் மேஜை என்று குறிப்பெழுத வைத்தாள். அப்படியும் சரியாக வராவிட்டால், கப்பலில் ஏறிய முதல் மதியமே சாப்பாட்டுக் கூடத்தின் தலைமை மேலாளரைப் போய்ப் பார்க்க வேண்டும். பெட்டி கேபினுக்கு வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இந்த ஒரு வேலையை முடித்துவிடலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு மேஜை மாறுவது கடினம்.

ஒரே மேஜை என்பதன் அருமை முதல் நாள் தெரிவதில்லை.

முதல் ராத்திரி ஆச்சிக்குச் சாப்பாடு சரியாக அமையவில்லை. கப்பல் மெனுவில் சைவம் என்று பச்சை இலை போட்டிருந்தாலும் நம்மவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. காய்கறி சூப்பில் கோழி வேகவைத்த நீர் சேர்ந்திருக்கலாம். சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி இருக்கும். வாயில் வைத்தால் கரையும் இனிப்புகள் சிலவற்றில் ஜெலட்டின். அந்த மேஜைக்குப் பரிமாற வந்தவர் கோவாக்காரர். தாத்தாவுக்கு நாக்பூரில் வேலை பார்த்த காலத்து இந்தி கைகொடுத்தது. முட்டையும் கிடையாது, மீன் நீரும் கிடையாது என்பதை அவர் நிதானமாக விளக்க, வெயிட்டர் குறித்துக்கொண்டு, மறுநாள் மெனுவை அன்றே கொண்டுவந்து காட்டினார். அடுத்த நாளிலிருந்து ஆச்சிக்குச் சோறு, பருப்பு, ஒரு காய்கறிப் பொரியல் மாதிரி ஏதோ ஒன்று, தயிர். இந்தியச் சைவச் சாப்பாடு பல கப்பல்களில் சொன்னால் கிடைக்கிறது. முதல் நாள் ராத்திரியே சொல்ல வேண்டும் என்பதுதான் விஷயம். பயணத்துக்கு முன்பே கம்பெனிக்கு எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

ஆச்சிக்குச் சாப்பாட்டோடு வெந்நீர் வேண்டும். கப்பலில் தண்ணீர் என்றாலே ஐஸ் மிதக்கும் தண்ணீர். முதல் நாள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் அவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே மேஜையில் ஒரு சின்னக் கூஜாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. "வெந்நீர், மா" என்றார் வெயிட்டர். அந்தச் சொல்லைப் பேத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

இஷ்ட நேரத்தில் தினமும் வேறு மேஜை, வேறு ஆள் என்றால் இந்தக் கதையை ஏழு நாளும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒவ்வாமை மாதிரி முக்கியமான விஷயங்கள் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும். வெந்நீர் ஏறியிருக்காது. டிஸ்னி கப்பல்களில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு உணவகத்துக்கு அனுப்புகிறார்கள். ஆனால் பரிமாறுகிறவர்களையும் கூடவே அனுப்பிவிடுகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

பரிமாறுகிற அந்த மனிதர்களுக்கு முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்ற தேர்வு இல்லை. ஐந்தரைக்கு வந்தவர்களை ஏழரைக்குள் அனுப்பி, அரை மணி நேரத்தில் விரிப்பு, கரண்டி, கண்ணாடி எல்லாம் மாற்றி, எட்டு மணிக்கு மறுபடி முதலிலிருந்து சிரிக்க வேண்டும். காலையில் பஃபே கூடத்தில் ஆம்லெட் தட்டை நீட்டுகிறவரும் பல சமயம் அவரேதான். ஆறு மாதம், எட்டு மாதம் என்று ஒப்பந்தம், ஊரில் பிள்ளைகள். முதல் பந்தியில் கடைசியாக எழுந்து, இனிப்புத் தட்டை வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருப்பவர்கள், எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரின் அரை மணி நேரத்தைத்தான் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

முதல் பந்தியின் குறைகளும் அந்த வாரத்தில் தெரிந்தன. மாலை நாலு மணிக்குப் பஃபேயில் கேக்கும் பிஸ்கட்டுமாக விரித்து வைத்திருப்பார்கள். அதில் கை வைத்தால் ஐந்தரைக்குப் பசிக்காது. பேத்தி இரண்டு நாள் அப்படித் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு ஒன்பது மணிக்கு "பசிக்குது" என்று நின்றாள். அதற்கு பீட்சாக் கடை இருந்தது. ஸ்காக்வேயில் ஒயிட் பாஸ் ரயில் மதியமே திரும்பிவிட்டதால் அன்றைக்குப் பிரச்சினை இல்லை. 1900-இல் கட்டி முடித்த அந்த மலை ரயில் முப்பத்திரண்டு கிலோமீட்டருக்குள் எண்ணூற்று எழுபது மீட்டர் உயரம் ஏறுகிறது. அதில் போய்விட்டு வந்தவர்களுக்கு ஐந்தரைக்கே நல்ல பசி.

ஜூனோவில் மருமகன் கேட்ட லீவு கிடைத்தது. மகளும் அவரும் பேத்தியும் திமிங்கலப் படகில் போனார்கள். தாத்தாவும் ஆச்சியும் பேரனும் ஐந்தரைக்கு அதே மேஜையில். மூன்று நாற்காலி காலி. திமிங்கலம் பார்த்தவர்கள் ஏழு மணிக்கு வந்து மேல்தளத்துப் பஃபேயில் சாப்பிட்டார்கள். எந்தப் பந்தியை எடுத்தாலும் தினமும் போயே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. வரமாட்டோம் என்று முதல் நாளே வெயிட்டரிடம் சொல்லிவிட்டால் போதும். அவர் மூன்று பேருக்காகக் காத்திருக்க மாட்டார்.

கிளேசியர் பே நாள்தான் எல்லாரும் பயந்த நாள். அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சுற்றுலாக் கப்பலுக்கு மட்டுமே அனுமதி. வனத்துறையினர் படகில் வந்து கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். சுமார் ஒரு மைல் அகலத்துக்கு நிற்கும் மார்ஜரி பனிப்பாறைக்கு எதிரே கப்பல் நின்று மெதுவாகத் திரும்புகிறது. பனி உடைந்து விழுவது கண்ணுக்கு முதலில் தெரியும். இடி மாதிரி அந்தச் சத்தம் பிறகுதான் வந்து சேரும். சாப்பாட்டு நேரத்தில் இதெல்லாம் போய்விடுமோ என்ற பயம் வீண். கப்பல் காலையில் நுழைந்து பிற்பகலிலேயே திரும்பத் தொடங்கிவிடும். அன்றைக்குத் தவறிப்போகக்கூடியது பகல் சாப்பாடுதான்.

ஆனால் விரிகுடாவை விட்டு வெளியே வரும் மாலை நேரத்தில் ஐசி ஸ்ட்ரெயிட் என்ற கடல் பகுதி வருகிறது. திமிங்கலங்கள் இரை தேடும் இடம். சரியாக முதல் பந்தி சூப் முடிந்த நேரத்தில் இடது பக்க ஜன்னல்களில் ஒரு சலசலப்பு. பாதிக் கூடம் எழுந்து நின்றது. வெயிட்டர்களும் தட்டோடு நின்று பார்த்தார்கள். ஜூனோவில் திமிங்கலம் பார்க்கப் போகாத தாத்தா, கையில் நாப்கினோடு ஜன்னலோரம் போய், பேரனைத் தூக்கிக் காட்டினார். வால் ஒரு தடவை மேலே வந்து உள்ளே போனது. அவ்வளவுதான். மேல்தளத்தில் குளிரில் நின்றவர்கள் இன்னும் நன்றாகப் பார்த்திருப்பார்கள்.

கடைசி மாலை விக்டோரியா. கனடாவின் அந்த ஊரில் கப்பல் நிற்பதற்கு ஒரு பழைய சட்டம் காரணம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி அங்கேயே கொண்டுவந்து இறக்குவதானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்பது 1886-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. அதனால்தான் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அலாஸ்கா போகக் கனடா விசாவும் வாங்க வேண்டியிருக்கிறது. சியாட்டில் கப்பல்கள் பல, இந்தக் கடமையைக் கடைசி நாள் மாலை ஏழு மணி வாக்கில் வந்து நின்று, நள்ளிரவில் கிளம்பி முடித்துக்கொள்கின்றன.

ஏழு நாளில் எட்டு மணிப் பந்திக்காரர்கள் நிஜமாகவே தவிப்பது அன்றுதான். எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் பத்து மணிக்கு ஊர் பார்க்கப் போக வேண்டும். ஊருக்குப் போனால் கடைசி விருந்து இல்லை. பெரும்பாலோர் பஃபேயில் எதையோ கொறித்துவிட்டு இறங்கினார்கள். ஐந்தரைக்காரர்கள் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தபோது கப்பல் துறையை நெருங்கிக்கொண்டிருந்தது. பரிமாறுகிறவர்களுக்கான டிப்ஸ் தினப்படி கணக்கில் தானாகவே ஏறிவிடும் என்றாலும், தாத்தா ஒரு கவரில் தனியாகப் போட்டுக் கொடுத்தார். ஆச்சி வெயிட்டரிடம், "பிள்ளைகள நல்லாப் படிக்க வையுங்க" என்றார் தமிழிலேயே. தாத்தா இந்தியில் சொன்னார். எட்டு மணிக்கு அடுத்த கூட்டம் வந்துவிடும் என்பதால் அவர்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

துறையிலிருந்து ஊருக்குள் இருபத்தைந்து நிமிட நடை. ஆச்சியின் முழங்காலை நினைத்து டாக்சி எடுத்தார்கள். இருட்டத் தொடங்கியதும் அங்கே சட்டமன்றக் கட்டடத்தின் விளிம்பெல்லாம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பல்புகள் எரிந்தன. திருநெல்வேலியில் தேர்த் திருவிழா ராத்திரி மாதிரி இருக்கிறது என்றார் ஆச்சி. பேரன் அதற்குள் மருமகனின் தோளில் தூங்கிவிட்டான்.

பத்து மணிக்குக் கப்பலுக்குத் திரும்பியதும் அவசர வேலை காத்திருந்தது. மறுநாள் சியாட்டிலில் இறங்குகிறவர்கள் பெரிய பெட்டிகளை அன்றிரவே கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும். அவை காலையில் கரையில்தான் கிடைக்கும். தாத்தா பெட்டியைப் பூட்டுவதற்கு முன் மாத்திரை டப்பாவை மட்டும் எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரம் மறுபடி சியாட்டில் நேரத்துக்கு வந்துவிட்டதா என்று பேத்தியிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.